ரெக்கார்டு நோட்டும் அப்சர்வேஷன் நோட்டும்: 25 மாதம் வேலை தேடிய ஒரு பட்டதாரி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வுக்கு உரியவர் நுண்ணுயிரியலில் இளநிலைப் பட்டம் பெற்ற பெண். தேர்வு முடிவு வந்தபோது அவருக்கு வயது 21. முதல் வேலையில் சேர்ந்தபோது 23. இடைப்பட்ட 25 மாதங்களில் என்ன நடந்தது, அதில் எங்கள் வேலைவாய்ப்பு வழிகாட்டு மையத்தின் பங்கு என்ன, எங்கே தவறினோம் என்பதைப் பதிவு செய்வதற்காகவே இதை எழுதுகிறேன். அவருடைய ஒப்புதல் பெறப்பட்டுள்ளது; அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல் ஆள் அவர்தான். தந்தை ஓட்டுநர், தாய் தையல் வேலை செய்பவர். படிப்புக்கு வாங்கிய கடனின் தவணை அவர் எங்களிடம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மதிப்பெண்ணில் குறை இல்லை, அரியர் இல்லை. வளாக நேர்காணலுக்கு வந்த மூன்று நிறுவனங்களில் இரண்டு விற்பனைப் பணிக்கும் ஒன்று கால் சென்டருக்கும் ஆள் எடுத்தன. ஆய்வகத்துக்கு ஆள் தேடி யாரும் வரவில்லை. மூன்றாண்டு படித்ததை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் அவர் அந்த மூன்றுக்கும் போகவில்லை. இந்த முடிவைப் பின்னாளில் வீட்டில் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

வேலையின்மையைக் கணக்கிடும் முறை பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இவர் வாரத்தில் இரண்டு மாலை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுத்துவந்தார். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரம் உழைத்தவரும் வேலையில் இருப்பவர்தான். வேலையில்லாதவர் என்று கணக்கில் வருவதற்கு, வேலை இல்லாமல் இருப்பது மட்டும் போதாது. அண்மையில், வழக்கமாகக் கடந்த நான்கு வாரங்களுக்குள், வேலை தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் சேரும் நிலையிலும் இருக்க வேண்டும். ஆகவே பாடம் சொன்ன வாரங்களில் இவர் வேலையில் இருப்பவர். பள்ளி விடுமுறையில் வேலையில்லாதவர். பாடம் சொல்வதையும் வேலை தேடுவதையும் சேர்த்தே நிறுத்திவிட்ட ஆறு வாரங்களில், அந்த நான்கு வாரம் கடந்த பின், உழைப்புப் படைக்கே வெளியில் இருப்பவர். வரையறையில் தவறு இல்லை, எல்லா நாடுகளையும் ஒரே கோலால் அளக்க அது தேவை. ஆனால் வீட்டாருக்கு இந்த 25 மாதமும் அவர் ஒருவர்தான்: படித்துவிட்டுச் சும்மா இருக்கிறவள்.

முதல் சந்திப்பு: 14-ஆம் மாதம்

பட்டம் பெற்ற 14-ஆம் மாதம் அவர் எங்கள் மையத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு; அதில் ஏழு சான்றிதழ்கள். தட்டச்சு, அலுவலகக் கணினிப் பயன்பாடு, ஆங்கிலப் பேச்சு, இணையவழியில் முடித்த சிறு படிப்புகள் என்று அவை பலவகை. சுயவிவரத்தைக் காட்டச் சொன்னபோது கைப்பேசியைத் திறந்தார். 'ரெஸ்யூமே ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் நியூ 3' என்று வரிசையாகக் கோப்புகள் இருந்தன. எதை யாருக்கு அனுப்பினார் என்பது அவருக்கே நினைவில் இல்லை.

இதுவரை எத்தனை இடத்துக்கு விண்ணப்பித்திருப்பார் என்று கேட்டேன். இருநூறுக்கு மேல் இருக்கும் என்றார். பிறகு, "என்ன தப்புன்னு யாராவது சொன்னா திருத்திக்கலாம் சார். யாருமே ஒண்ணும் சொல்றதில்ல" என்றார். அந்த வாக்கியம் என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது. அதன் பொருளை அன்றைக்கு நான் எட்டிப் பிடித்திருந்தால் இந்த ஆய்வு பாதி நீளத்தில் முடிந்திருக்கும். நிராகரிக்கப்பட்டதாக அவர் சொல்லவில்லை, பதிலே வரவில்லை என்றுதான் சொன்னார். விண்ணப்பத்தைப் படித்துவிட்டு வேண்டாம் என்றால் ஆளிடம் ஏதோ குறை என்று கொள்ளலாம். யாரும் படிக்கவே இல்லை என்றால் குறை வேறெங்கோ இருக்கிறது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. நான் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன்.

சந்திப்பு நாற்பது நிமிடம் நீடித்தது. விண்ணப்பங்களில் ஒன்றையாவது திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. படிவத்தில் 'திறன் இடைவெளி' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

எங்கள் முதல் முடிவு

தரவுப் பகுப்பாய்வில் நான்கு மாதச் சான்றிதழ்ப் படிப்பில் சேரப் பரிந்துரைத்தோம். அந்த நேரத்தில் எங்களிடம் இருந்த காரணங்கள் மூன்று. அந்தத் துறையில் ஆள் தேவை இருப்பதாக எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். படிப்பில் சேர்ந்தால், 'ஒரு வருஷத்துக்கு மேல கேப் இருக்கே' என்று நேர்காணலில் கேட்கும்போது சொல்வதற்கு ஒரு பதில் கிடைக்கும். மூன்றாவது காரணத்தை அப்போது நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை: ஒருவரைப் படிப்பில் சேர்த்துவிட்டால் எங்கள் பதிவேட்டில் அவர் 'பயன் பெற்றவர்' என்று ஏறிவிடுவார். வேலை கிடைத்ததா என்பதை நாங்கள் அப்போது தனியாகக் கணக்கு வைத்திருக்கவில்லை.

அவர் படிப்பை ஒழுங்காக முடித்தார். வகுப்பில் நல்ல மாணவி என்றே பயிற்றுநர் எழுதியிருக்கிறார். முடித்து வெளியே வந்தபோது, அதே வேலைக்குக் கணினி அறிவியலிலும் புள்ளியியலிலும் மூன்றாண்டு முழுதாகப் படித்தவர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நான்கு மாதப் படிப்பு எடுபடவில்லை. சொந்தத் துறையிலிருந்து அவரை வெளியே எடுத்து, இன்னும் நீளமான வேறொரு வரிசையின் கடைசியில் நிறுத்தியிருந்தோம். எட்டாவதாக ஒரு சான்றிதழ் கோப்பில் சேர்ந்தது.

படிப்பு முடிந்த பிறகு நாங்கள் அவரை ஒருமுறைகூடத் தொடர்புகொள்ளவில்லை.

19 முதல் 21-ஆம் மாதம் வரை

இந்தக் காலத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது, பின்னால் அவரும் அவருடைய தாயும் சொன்னதிலிருந்துதான். படிப்பு முடிந்த பின் நாற்பதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் அனுப்பியிருக்கிறார். ஒரு தொலைபேசி நேர்காணல் வந்தது, அதுவும் விற்பனைக்கு. அதன் பிறகு ஆறு வாரம் எதுவும் அனுப்பவில்லை. காலை பத்தரைக்கு மேல் எழுந்தார். பாடம் சொல்லிக்கொடுப்பதையும் உடம்பு சரியில்லை என்று நிறுத்தினார். தோழிகளின் வாட்ஸப் குழுவிலிருந்து வெளியேறினார். உறவுக்காரர் யாராவது வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொள்வார் என்று தாய் சொன்னார்.

எங்கள் மையத்துக்கு மறுபடி வந்தது மகள் அல்ல, தாய். "நீங்க சொன்ன படிப்பையும் முடிச்சிட்டா சார். இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அடுத்த படி ஒன்று எங்களிடம் இருக்கும் என்று நம்பிக் கேட்டார்.

வேலையில்லாதவர் நேரம் கிடைத்தும் ஏன் ஒன்றும் செய்வதில்லை என்பது பலரும் கேட்கும் கேள்வி. இதற்கு மிகப் பழைய, மிகத் தெளிவான பதில் ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியன்டால் என்ற ஊரிலிருந்து வந்தது. அங்கே ஊரையே வாழவைத்த நெசவாலை மூடப்பட்ட பின், மரீ யஹோடா, பவுல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் ஆகியோர் அடங்கிய சமூக ஆய்வாளர் குழு அந்த மக்களின் வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்து 1933-இல் முடிவுகளை வெளியிட்டது. நேரம் கூடியிருந்தும் நூலகத்திலிருந்து எடுத்துச் சென்ற புத்தகங்கள் பாதியளவாகக் குறைந்தன. தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்தது. சம்பளத்தோடு சேர்த்து வேலை தரும் மற்றவற்றை, அதாவது நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், தனக்கும் அப்பாற்பட்ட ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், கைக்கு ஓயாத வேலை என்பவற்றை, யஹோடா பின்னாளில் விரித்து எழுதினார். எங்கள் நிகழ்வில் இவை ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்த வரிசையை அந்தத் தாய் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அதைச் சோம்பல் என்று எழுதாமல் விட்டது ஒன்றுதான் அந்த மாதங்களில் நாங்கள் சரியாகச் செய்தது.

இரண்டாம் சந்திப்பு: விண்ணப்பங்களை எண்ணிப் பார்த்தது

21-ஆம் மாதக் கடைசியில் மகள் வந்தார். இம்முறை அவரைப் பற்றிய கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, தேடலைப் பற்றி மட்டும் பேசுவது என்று தீர்மானித்தோம். மின்னஞ்சலையும் வேலைவாய்ப்புத் தளங்களின் கணக்குகளையும் அவரே திறந்து, ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினார். இரண்டு மணி நேரம் ஆனது.

மொத்தம் 254 விண்ணப்பங்கள். அவற்றில் 241 வேலைவாய்ப்புத் தளங்களில் ஒரே பொத்தானை அழுத்தி அனுப்பியவை. 138 விளம்பரங்களில் குறைந்தது ஓராண்டு அனுபவம் வேண்டும் என்று எழுதியிருந்தது. அவருடைய பாடத்தைப் படித்தவர் தேவைப்படும் ஆய்வகங்களுக்கு நேரடியாகச் சென்றவை ஒன்பது. பெயர் குறிப்பிட்டு ஒரு மனிதருக்கு எழுதியது ஒன்றுகூட இல்லை. வந்த பதில்கள் ஐந்து. ஐந்துமே விற்பனைப் பணிகள்.

எண்ணி முடித்ததும் அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ நான் லேபுக்கு அப்ளை பண்ணவே இல்லையா சார்?" என்று கேட்டார். 21 மாதம் தன்னை ஆய்வகங்கள் ஒதுக்கிவிட்டன என்று நினைத்திருந்தார்; ஒன்பதைத் தவிர ஆய்வகங்களுக்கு அவர் இருப்பதே தெரியாது.

இதே நேரத்தில் நீண்ட இடைவெளியின் பாதிப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருந்தது. க்ரோஃப்ட், லாங்கே, நோட்டோவிடிக்டோ ஆகிய பொருளியலாளர்கள் அமெரிக்க நகரங்களில் வெளியான சுமார் 3,000 விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிச் செய்த சோதனையின் முடிவு 2013-இல் வெளியானது. வேலையில்லாமல் இருந்த காலம் கூடக் கூட நேர்காணல் அழைப்பு குறைந்தது. சரிவின் பெரும்பகுதி முதல் எட்டு மாதங்களுக்குள்ளேயே நிகழ்ந்தது. இது எங்களுக்கு இரண்டு விதமாகப் பயன்பட்டது. முகம் தெரியாத வழியில் அனுப்பும் சுயவிவரத்தில் இடைவெளிதான் முதலில் கண்ணில் படும் என்பதால், அந்த வழியை விட்டு, ஆளை நேரில் பார்க்கும் வழிக்கு மாற வேண்டும். மேலும், சரிவின் பெரும்பகுதி அவர் எங்களிடம் வருவதற்கு முன்பே முடிந்திருக்கும் என்பதால், இன்னும் இரண்டு வாரம் செலவழித்துத் தயாராவதில் இழப்பு பெரிதல்ல. பதறிக்கொண்டு மறுநாளே ஐம்பது இடத்துக்கு அனுப்பத் தேவையில்லை என்று அவரிடம் சொல்ல முடிந்தது.

இரண்டு நோட்டுகள்

சுயவிவரத்தில் மேலே கால் பக்கம், எங்கிருந்தோ எடுத்த 'குறிக்கோள்' பத்தி. நடுவில் சான்றிதழ்கள். கடைசியில், பொழுதுபோக்குக்கு மேலே ஒரே வரி: 'ப்ராஜெக்ட்: நீர்ப் பகுப்பாய்வு'. அந்த வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். குடிநீர் மாதிரிகளில் கோலிஃபார்ம் பாக்டீரியா இருக்கிறதா என்று மூன்று மாதம் பார்த்ததாகச் சொன்னார். ஏதாவது எழுதிவைத்திருக்கிறாரா என்று கேட்டதற்கு மறுநாள் ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்தார்.

அறிவியல் படித்தவர்களுக்கு ரெக்கார்டு நோட்டும் அப்சர்வேஷன் நோட்டும் எப்படி வேறுபடும் என்று தெரியும். மதிப்பெண்ணுக்காக, அளவுகோல் வைத்துக் கோடு கிழித்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் பிறகு உட்கார்ந்து எழுதுவது ரெக்கார்டு. செய்யும்போதே கையில் வைத்துக்கொண்டு கிறுக்குவது அப்சர்வேஷன். அவர் கொண்டுவந்த ரெக்கார்டில் எல்லா எண்களும் அழகாக இருந்தன. படிக்க ஒன்றும் இல்லை. அப்சர்வேஷன் இருக்கிறதா என்று கேட்டபோது, "அது ரொம்ப அசிங்கமா இருக்கும் சார்" என்று தயங்கினார். வற்புறுத்திக் கொண்டுவரச் சொன்னோம்.

ஓரம் மஞ்சளாகி, நுண்ணுயிர் வளர்க்கும் ஊடகம் சிந்திய கறையோடு இருந்த அந்த நோட்டின் நடுப்பக்கம் ஒன்றை இங்கே விவரிக்க வேண்டும். ஒரு மாதிரியில் 100 மில்லி நீரை 0.45 மைக்ரோமீட்டர் சவ்வில் வடிகட்டி, 35 டிகிரியில் இன்குபேட்டரில், அதாவது நுண்ணுயிர் வளரச் சீரான வெப்பம் தரும் பெட்டியில், வைத்த நேரம் எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த நாள் சவ்வில் வளர்ந்த காலனிகளின் (பாக்டீரியாத் திட்டுகளின்) எண்ணிக்கையாக 41 என்று எழுதி, அதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் 44 என்று திருத்தி, 'ஒட்டியிருந்ததை ஒன்றாக எண்ணிவிட்டேன்' என்ற குறிப்பும் சுருக்கொப்பமும் தேதியும் இருந்தன. அதற்குக் கீழே வேறொரு நாள்: 'காலையில் இன்குபேட்டர் 29 காட்டியது. கதவு சரியாக மூடவில்லை. இந்த மாதிரியைச் சேர்க்கக் கூடாது. மறுபடி எடுக்க வேண்டும்.' ரெக்கார்டு நோட்டில் அந்த நாளே இல்லை.

இதன் மதிப்பு எனக்கு உடனே விளங்கியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆய்வகத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் தன்னார்வலர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார். சோதனை ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரநிலையின் 2017 பதிப்பு, பதிவுகளைத் திருத்தினால் பழைய எண்ணும் புதிய எண்ணும் இரண்டுமே தெரிய வேண்டும், எப்போது யார் திருத்தினார் என்பதும் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. புதிதாக வருபவர்களுக்கு இதைப் பழக்குவதுதான் கடினம், ஏனென்றால் கல்லூரி அவர்களுக்கு அழித்து எழுதவே கற்றுக்கொடுத்திருக்கும் என்றார் அவர். எட்டுச் சான்றிதழ்களும் இவர் ஒரு வகுப்பில் உட்கார்ந்திருந்தார் என்று மட்டுமே சொல்லின. தவறு நடந்தபோது இவர் என்ன செய்வார் என்பது அவர் வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்த நோட்டில்தான் இருந்தது.

தேடலை மாற்றியது

சுயவிவரத்தை ஒரே பக்கமாக்கினோம். குறிக்கோள் பத்தி போனது. ப்ராஜெக்ட் மேலே வந்து ஆறு வரியாக விரிந்தது. இடைவெளியை மறைக்காமல், படிப்பும் பாடம் சொல்லிக்கொடுத்ததும் மாதக் கணக்கோடு எழுதப்பட்டன. தினமும் வந்துபோகக்கூடிய தூரத்தில் இருந்த நீர், உணவு, பால், மருந்துச் சோதனை ஆய்வகங்களைத் தேடி 37 பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரின் பெயரைக் கண்டுபிடித்து எழுதுவது, வேலை கேட்காமல் பதினைந்து நிமிடம் ஆய்வகத்தைப் பார்க்க மட்டும் அனுமதி கேட்பது, காலை ஒன்பது மணிக்கு எங்கள் மையத்துக்கு வந்து அங்கேயே உட்கார்ந்து எழுதுவது என்று முடிவானது. கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் எங்களிடம் கணினி இருந்தது என்பதல்ல. வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு நேரம் வேண்டும் என்பதுதான்.

37 கடிதங்களுக்கு எட்டுப் பதில்கள் வந்தன. நான்கு இடங்களை நேரில் பார்த்தார். ஆனால் வேலை கிடைத்த இடம் அந்த நான்கில் இல்லை. மூன்றாவது ஆய்வகத்தில் அவரைக் கூட்டிப்போய்க் காட்டியவர், கல்லூரியில் இவருக்கு இரண்டு ஆண்டு சீனியர். படிக்கும் காலத்தில் ஓரிரு முறை பேசியிருப்பார்கள். அவர்தான் தான் முன்பு வேலை பார்த்த வேறொரு நீர்ச் சோதனை ஆய்வகத்தில் ஒருவர் விலகுவதாகச் சொல்லி, பொறுப்பாளரின் எண்ணைக் கொடுத்தார். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1970-களில் காட்டியது இதைத்தான்: அறிமுகமானவர்கள் மூலம் வேலை பெற்றவர்களைக் கேட்டபோது, அடிக்கடி சந்திப்பவர் மூலம் தகவல் வந்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான், மற்றவர்களுக்கு எப்போதாவது அல்லது அரிதாகச் சந்திப்பவரே சொல்லியிருக்கிறார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். அவருடைய உறவினர்களில் ஆய்வகத்துக்குள் கால் வைத்தவர் யாரும் இல்லை.

நேர்காணல்

நேர்காணல் இருபது நிமிடம். முதல் ஐந்து நிமிடம் வழக்கமான கேள்விகள். இடைவெளி பற்றியும் கேட்டார்கள். அப்சர்வேஷன் நோட்டை அவர் மேசையில் வைத்ததும் பொறுப்பாளர் பக்கங்களைப் புரட்டி, 29 டிகிரிப் பக்கத்தில் நின்றிருக்கிறார். அந்த மாதிரியை என்ன செய்தாய் என்று கேட்டார். ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவிக் கலத்தில், கிருமிகளைக் கொன்று கொட்டிவிட்டதாகவும் மறுநாள் புது மாதிரி எடுத்ததாகவும் இவர் சொல்லியிருக்கிறார். ரெக்கார்டில் ஏன் இல்லை என்பது அடுத்த கேள்வி. "வேண்டாம்னு சொன்னாங்க சார், அதான் இதுல எழுதி வெச்சேன்" என்பது பதில். மற்ற கேள்விகள் அவருக்கு நினைவில் இல்லை.

ஏற்பதா, மறுப்பதா

கிடைத்தது ஆறு மாத ஒப்பந்தப் பயிற்சிப் பணி. மாதிரிகளைப் பெற்றுப் பதிவு செய்வதும் ஊடகம் தயாரிப்பதும் வேலை. சம்பளம், அவருடன் படித்துக் கால் சென்டரில் சேர்ந்தவர்கள் வாங்குவதைவிடக் குறைவு. தந்தைக்குச் சம்மதமில்லை. கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது குறைந்த சம்பளத்துக்கு ஏன் போக வேண்டும் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆறு மாதம் கழித்து வெளியே அனுப்பிவிட்டால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

எங்கள் கருத்தைச் சொல்லுமுன் இரு பக்கத்தையும் எழுதிக் கொடுத்தோம். மந்தநிலையில் பட்டம் பெற்ற கனடா நாட்டவர்களைப் பின்தொடர்ந்த ஓரியோபுலோஸ், ஃபொன் வாக்டர், ஹைஸ் ஆகிய பொருளியலாளர்களின் 2012 ஆய்வில், தொடக்கத்தில் ஏற்பட்ட வருமான இழப்பு சுமார் பத்தாண்டுகளில் மறைந்தது. அதற்கு ஒரு முக்கிய வழி, சுமாரான நிறுவனத்தில் தொடங்கியவர்கள் மேலான நிறுவனங்களுக்கு மாறியது. இவர் மந்தநிலைப் பட்டதாரி அல்ல என்பதால் அந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் முதல் வேலையை அதன் சம்பளத்தை மட்டும் வைத்து எடைபோடாமல், அங்கிருந்து அடுத்த இடத்துக்கு வாசல் இருக்கிறதா என்று பார்க்க அது உதவியது. ஆய்வகத்தில் ஆறு மாதம் இருந்தவர் இன்னோர் ஆய்வகத்துக்குப் போகலாம். கால் சென்டரில் ஆறு மாதம் இருந்தவர் மறுபடி ஆய்வகத்துக்கு வருவது கடினம். முடிவை அவரே எடுத்தார். தவணைக்காகப் பாடம் சொல்லிக்கொடுப்பதை வார இறுதியில் தொடர்வது என்று தந்தையுடன் உடன்பாடு செய்துகொண்டு, 25-ஆம் மாதம் சேர்ந்தார்.

பின்தொடர்ந்தது

முதல் மாதம் மோசமாகப் போனது. அதிகாலைப் பணிக்கு எழுந்து பழக்கமில்லை. மூன்றாவது வாரத்தில் பதினான்கு மாதிரிக் குப்பிகளின் லேபிளில் பெற்ற நேரத்தைத் தவறாக எழுதி, அனைத்தையும் மறுபடி எடுக்க வேண்டிவந்தது. வேலையை விட்டுவிடலாமா என்று அன்று மாலை எங்களுக்குத் தொலைபேசியில் பேசினார். தவறை முதலில் சொன்னது யார் என்று கேட்டேன். தானே போய்ச் சொன்னதாகச் சொன்னார். அதற்கு மேல் நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை.

ஆறு மாதம் முடிந்ததும் பணி நிரந்தரம் ஆகவில்லை. ஒப்பந்தம் இன்னும் ஆறு மாதம் நீண்டது. பதினொன்றாவது மாதத்தில் ஓர் உணவு நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு நிரந்தரப் பணியில் மாறினார். இடையில், இன்குபேட்டர்களின் தினசரி வெப்பநிலையைக் கணினியில் வரைபடமாக்கி ஒன்று பழுதாவதை முன்கூட்டியே காட்டியிருக்கிறார். அந்த நான்கு மாதப் படிப்பு அங்கே பயன்பட்டது. இதை எங்கள் முதல் முடிவுக்கு ஆதரவாகக் காட்டலாம் என்று மையத்தில் ஒருவர் சொன்னார். நான் ஒப்பவில்லை. வேலைக்குள் போன பிறகு உதவிய படிப்பு அது. உள்ளே போக வழி செய்யவில்லை.

மாற்றியவை

இப்போது முதல் சந்திப்பில் யாருக்கும் படிப்பைப் பரிந்துரைப்பதில்லை. கடைசி முப்பது விண்ணப்பங்களை வந்தவரே நம் முன்னால் எண்ணுகிறார். பதில் வரவில்லையா, நேர்காணலில் தவறுகிறதா, கிடைத்ததை ஏற்கவில்லையா என்பது தெரிந்த பிறகே அடுத்த பேச்சு. படிப்புதான் தேவை என்று தோன்றினால், அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் மூவரிடமாவது அந்தச் சான்றிதழைப் பார்த்து அழைப்பார்களா என்று கேட்டுவிட்டே சேர்க்கிறோம். பெரும்பாலும் இல்லை என்கிறார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை நாங்களே அழைக்கிறோம். 'பயன் பெற்றவர்' என்ற கட்டம் படிவத்திலிருந்து எடுக்கப்பட்டது. சேர்ந்த தேதி, ஆறாம் மாதம் அங்கே இருக்கிறாரா என்ற இரண்டு கட்டங்கள் அதன் இடத்தில் வந்தன. படிக்கும்போது கைப்பட எழுதியது, செய்தது ஏதாவது இருந்தால், எவ்வளவு அழுக்காக இருந்தாலும் கொண்டுவரச் சொல்கிறோம்.

இவற்றால் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பதில் எங்களுக்கு மிகையான நம்பிக்கை இல்லை. இந்த நிகழ்வில் காலியிடம் உண்டானது வேறொருவர் விலகியதால். நோட்டு அதை உண்டாக்கவில்லை. பிரான்சில் 235 வேலைவாய்ப்பு அலுவலகங்களின் பகுதிகளில், வேலை தேடும் இளம் பட்டதாரிகளுக்குத் தீவிர உதவி அளித்துச் சோதித்த க்ரேபோன், எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளியலாளர்கள் 2013-இல் வெளியிட்ட முடிவு இதில் எச்சரிக்கை தருகிறது. உதவி பெற்றவர்கள் முன்னேறியதில் ஒரு பகுதி, அதே சந்தையில் உதவி பெறாதவர்கள் பின்தங்கியதால் வந்தது. அந்த முன்னேற்றமும் நீண்ட நாள் நிற்கவில்லை. நாற்காலிகள் கூடாமல் ஆட்களைத் தயார்ப்படுத்தினால் யார் உட்காருவது என்பது மட்டுமே மாறும்.

இதை நாங்கள் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. அந்த நீர்ச் சோதனை ஆய்வகப் பணிக்கு இரண்டு பேரை நேரில் அழைத்திருந்தார்கள். இன்னொருவர் இவருடைய வகுப்புத் தோழர். பதினேழு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தவர். பின்னால் இவரே அவரை எங்களிடம் அனுப்பிவைத்தார். அவருடைய அப்சர்வேஷன் நோட்டு, தேர்வு முடிந்த அன்றே பழைய பேப்பர்க்காரரிடம் போய்விட்டது. விண்ணப்பங்களை எண்ணியாயிற்று, 33 ஆய்வகங்களின் பட்டியல் தயாராகியிருக்கிறது, கடந்த வாரம் ஒரு பால் சோதனை ஆய்வகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அவருடைய கோப்பு இன்னும் மூடப்படவில்லை.